புது மரத்துக்கு இடக்கணக்கு, பழைய மரத்துக்கு விலக்கு: ஐரோப்பாவின் காடழிப்பு விதியும் காரைக்குடி மரக்கடைகளும்

காடழித்த நிலத்திலிருந்து வந்த மரம் போன்ற பொருட்களை ஐரோப்பாவில் விற்கக் கூடாது என்கிற ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்பு விதி இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. இப்போதைய தேதி, பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30. குறு, சிறு நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30; ஆனால் கதவு, ஜன்னல், மேசை போல ஐரோப்பாவின் பழைய மர விதியிலேயே இருந்த பொருட்களுக்கு அவர்களுக்கும் 2026 டிசம்பர் 30தான். இது வாங்குகிற ஐரோப்பியரின் அளவைப் பொறுத்தது, நம் கடையின் அளவை அல்ல.

செட்டிநாட்டில் இது தொடுவது மரத்தைத்தான்: கதவு, ஜன்னல், நாற்காலி, மேசை, மரச்சிற்பம். ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை, பனையோலைக் கொட்டான் எதுவும் வராது. விதியின் பட்டியலில் இருப்பது எண்ணெய்ப் பனை. நம் பனை வேறு. கல்லை அடுக்கி அனுப்பும் மரப்பெட்டி வெறும் பேக்கிங் என்பதால் அதுவும் வெளியே. பூச்சி பரவாதபடி பதப்படுத்திய பெட்டி என்பதற்கான வழக்கமான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை போதும்.

வீடு பிரித்த மரத்தில் முழுக்கச் செய்த சாமானுக்கு விலக்கு உண்டு. பயன்பாடு முடிந்து கழிவாகப் போயிருக்கும் பொருள் என்பது காரணம். சிக்கல் ‘முழுக்க’வில். பழைய உத்தரத்தை அறுத்து மேசைப் பலகை போட்டு, நான்கு காலையும் புதுத் தேக்கில் கடைந்தால், அந்தக் கால்களின் மரம் எங்கே நின்றது என்று கணக்குக் காட்ட வேண்டும். பழையது என்பதற்கு ஆதாரம், பிரிக்கும்போது எடுத்த படங்கள், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டு, தூண், நிலை வாரியாக அளவுப் பட்டியல். இன்வாய்ஸில் வெறும் ‘பர்மாத் தேக்கு’ என்று எழுதினால் கேள்வி வரும். பர்மா, அதாவது மியன்மர், காடழிப்புக்கான ஒன்றியத்தின் உயர் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. விற்பனைப் பெருமைக்காக ‘150 வருடக் கதவு’ என்றும் எழுத வேண்டாம். நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972 தொல்பொருள் சட்டம் அனுமதிக்காது.

இனி புது மரம். இந்தியா ‘குறைந்த ஆபத்து’ நாடு. அதனால் இறக்குமதியாளருக்கு ஆபத்து மதிப்பீடு செய்யும் வேலைதான் குறையும். மரம் நின்ற இடத்தைச் சொல்வது குறையாது. அந்த நிலத்தில் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழிக்கப்பட்டிருக்கக் கூடாது. 4 ஹெக்டேர் வரை, அதாவது கிட்டத்தட்ட 10 ஏக்கர் வரை, ஒரு புள்ளி போதும். மேலே போனால் எல்லை முழுவதும் வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் புள்ளிக்குப் பின் குறைந்தது ஆறு இலக்கம். பட்டாவும் சர்வே எண்ணும் இதற்கு ஈடாகாது.

வழக்கமாக நடக்கிற தப்பு, தோப்புக்குப் பதில் அறுவை மில்லின் இடத்தைப் பதிவது. இன்னொன்று, எண்களை மாற்றிப் போடுவது. காரைக்குடி ஏறத்தாழ 10.07 வடக்கு, 78.78 கிழக்கு. இடங்களைக் கணினியில் பதியும் ஜியோஜேசான் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். தெரியாமல் மாற்றிப் போட்டால் நம் தோப்பு ஸ்வால்பார்ட் பக்கத்து ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும்.

இதோடு மரத்தின் அறிவியல் பெயர் (தேக்குக்கு டெக்டோனா கிராண்டிஸ்), வெட்டிய காலம், எடை, விற்றவர் பெயர், முகவரி, சட்டப்படி வெட்டியதற்கான தாள் எல்லாம் கேட்பார்கள். இவற்றை மரம் வாங்கும் அன்றே வாங்கிக்கொள்ள வேண்டும். மரவாடியில் இடம் தெரியாத கட்டை ஒன்று கலந்து, பிரித்தறிய முடியாமல் போனால் அந்த அடுக்கு முழுவதும் போயிற்று. அடுக்குக்கு ஓர் எண், கட்டையின் முனையில் அதே எண் பெயின்டில். தோப்புக்காரர் சீட்டிலும் அதே எண்.

இது காடழித்து வந்த மரமல்ல என்கிற உறுதிமொழியை ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையதளத்தில் பதிவது வாங்குபவரின் வேலை. நமக்கென்று அரசு தரும் ‘காடழிப்பு இல்லாச் சான்றிதழ்’ என ஒன்று கிடையாது. கட்டணம் கேட்டு வருபவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.