கைப்பிடி சொல்லும் பொய்

கண்ணாடிக் கதவு ஒன்று. அதில் நீளமான, பளபளப்பான கைப்பிடி. பிடித்து இழுக்கிறீர்கள், அசையவில்லை. அப்புறம்தான் மேலே 'தள்ளு' என்று எழுதியிருப்பது கண்ணில் படுகிறது. பின்னால் நிற்பவர் பார்த்திருப்பாரோ என்று ஒரு கணம் கூச்சமாக இருக்கிறது. எனக்கு இது பலமுறை நடந்திருக்கிறது.

கூச வேண்டியது நாமல்ல. பிடிக்கத் தோதாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் கை அதைப் பற்றி இழுக்கத்தான் செய்யும். அதே இடத்தில் வெறும் தகடு இருந்தால் தள்ளும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகூட அப்படித்தான் செய்யும். ஒரு பொருளைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதை அதன் உருவத்திலிருந்தே நாம் உணர்கிறோம் என்றார் உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன். அந்தக் கருத்தை வடிவமைப்பாளர்களிடம் கொண்டுசேர்த்தவர், இத்தகைய கதவுகளைத் திட்டி எழுதிய டொனால்ட் நார்மன் என்ற ஆய்வாளர். இப்படிக் கையை ஏமாற்றும் கதவுக்கு இன்று 'நார்மன் கதவு' என்றே பெயர். பாவம், திட்டியவரின் பெயரே அதில் ஒட்டிக்கொண்டது!

கதவு என்றால் கூச்சத்தோடு போய்விடும். விமானத்தில் அப்படி இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, ஒழுங்காகத் தரையிறங்கிய பிறகு ஓடுபாதையிலேயே வயிறு தேய உட்கார்ந்துவிட்டன. தரையிறங்கியதும் இறக்கையில் விரிந்திருக்கும் மடிப்புகளை உள்ளே இழுக்க வேண்டும். விமானியோ அதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிட்டிருப்பார். பழி முழுவதும் விமானி தலையில் விழுந்தது. 1943-ல் விமானப்படை ஆய்வகத்தில் இருந்த அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளருக்கு ஒரு சந்தேகம்: சி-47 என்ற சரக்கு விமானத்தை ஓட்டுபவர்கள் மட்டும் ஏன் இந்தத் தவறைச் செய்வதில்லை? பி-17-இன் விமானி அறையைப் பார்த்ததும் விடை கிடைத்தது. சக்கரத்துக்கு ஒரு சுவிட்ச், மடிப்புக்கு ஒரு சுவிட்ச். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே உருவத்தில் இருந்தன.

இந்த மாதிரித் தவறு தெரியாமையால் வருவதில்லை. தெரிந்தவருக்குத்தான் வரும். ஒரு வேலை நன்றாகப் பழகியதும் மூளை அதைக் கையிடம் ஒப்படைத்துவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறது. தொட்டால் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு சுவிட்சுகளில் எதைத் தொடுகிறோம் என்று கைக்குத் தெரியாது. களைப்பும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம். எனவே பயிற்சியைக் கூட்டியோ அபராதம் போட்டோ இதைச் சரிசெய்ய முடியாது. சபானிஸ் செய்தது மிகச் சின்ன வேலை. சக்கரத்துக்கான பிடியில் சிறு ரப்பர் சக்கரத்தையும், மடிப்புக்கான பிடியில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தினார். தவறு நின்றது. இன்றைய பயணிகள் விமானங்களிலும் சக்கர நெம்புகோலின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது.

ஏடிஎம் இயந்திரத்திலும் இதே கதைதான். பணம் முதலில் வந்தால் பலர் கார்டை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வந்த காரியம் முடிந்தது என்று மனம் கிளம்பிவிடுகிறது. அதனால்தான் பல இயந்திரங்கள் கார்டைக் கையில் கொடுத்த பிறகே பணத்தைத் தருகின்றன.

சரி, இப்படிப்பட்ட வடிவமைப்பால் சமூகத்துக்கு நன்மை எங்கே வருகிறது? யாரை மனதில் வைத்து ஒரு பொருளைச் செய்கிறோம் என்பதில். சாம் ஃபார்பர் என்ற அமெரிக்கத் தொழில்முனைவோரின் மனைவிக்கு மூட்டுவாதம். மெல்லிய உலோகப் பிடி உள்ள காய் சீவியைப் பிடிக்க அவர் சிரமப்பட்டார். அதைப் பார்த்து உருவாக்கிய தடித்த ரப்பர் பிடியுள்ள சீவி 1990-இல் விற்பனைக்கு வந்தது. மூட்டுவலி இல்லாதவர்களும் அதை விரும்பி வாங்கினார்கள். ஈரக் கை எல்லோருக்கும் வழுக்கத்தானே செய்யும்? நடைபாதை முனையில் சக்கர நாற்காலிக்காக வைக்கும் சரிவும் இப்படித்தான்; தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவர், பெட்டியை உருட்டி வருபவர், முழங்கால் வலிக்காரர் என எல்லோரும் அதில்தான் இறங்குகிறார்கள்.

ஆனால் உடம்பைப் பற்றிய இந்த அறிவை உடம்புக்கு எதிராகவும் பயன்படுத்தலாம். பல நகரங்களின் பொது பெஞ்சுகளில் நட்டநடுவே ஓர் இரும்புக் கைப்பிடி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதியவர்கள் ஊன்றி எழ வசதி என்று தோன்றும். ஓரத்தில் இருந்தாலும் ஊன்றி எழலாம். நடுவில் இருந்தால்தான் வீடில்லாதவர் அதில் படுக்க முடியாது.