பாம்பர் ஜாக்கெட் – பறப்பு மெய்ப்பை

ஜாக்கெட் என்றதும் நம் வீடுகளில் ரவிக்கைதான் நினைவுக்கு வரும். பாம்பர் ஜாக்கெட் வேறு: இடுப்போடு நின்றுவிடும், முன்னால் ஜிப் வைத்த, இடுப்பையும் மணிக்கட்டையும் பின்னல் பட்டை இறுக்கிப் பிடிக்கும் ஆண், பெண் இருபாலர் மேலுடை. இதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

‘பாம்’ என்பதன் வேர், ஆழ்ந்த முழக்கத்தைக் குறித்த ‘பொம்பொஸ்’ என்ற கிரேக்கச் சொல். ஜாக்கெட், ‘ஜாக்’ என்ற பழைய மேலுடைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் ‘சிறியது’ என்ற பொருளில் வைத்த பெயரிலிருந்து வந்தது.

இரண்டையும் சேர்த்துக் ‘குண்டுவீச்சு மேலங்கி’ என்று மொழிபெயர்ப்பது தவறு. அமெரிக்கப் படையின் பட்டியலில் இதன் பெயர் பறப்பு உடை என்பதுதான். ‘பாம்பர்’ மக்கள் வழக்கு. 1931-இல் ஏற்கப்பட்ட ஏ-2 தோலுடையைச் சண்டை விமானங்களை ஓட்டியவர்களும் அணிந்தார்கள். குண்டுவீச்சு விமானத்தோடு நெருங்கிய உறவுடையது 1934-இன் பி-3. அந்த விமானங்களில் காற்றழுத்த அறை கிடையாது. 25,000 அடி உயரத்தில் உறையவைக்கும் குளிர். அதனால் ரோமம் உட்புறம் இருக்கும்படி செம்மறித் தோலில் தைத்தார்கள். கனமான அந்த உடைக்கும் இன்று கடையில் தொங்குவதற்கும் சாயலே இல்லை.

இன்றைய வடிவம் ஜெட் காலத்து எம்ஏ-1. மழையில் நனைந்த தோல், உயரே போனதும் உறைந்து விறைத்துவிடும். ஒடுங்கிய விமானி அறையில் அதன் பருமனும் இடைஞ்சல். எனவே நைலான் வந்தது. முந்தைய பி-15-இன் ரோமக் காலர் பாராசூட் வார்களுக்குத் தடையாக இருந்ததால் பின்னல் காலர் வந்தது. நெஞ்சிலுள்ள சிறு பட்டை ஆக்சிஜன் குழாயைக் கவ்வி மாட்ட. இடது கையிலுள்ள ஜிப் பை பேனா வைக்க. பிந்தைய தயாரிப்புகளின் ஆரஞ்சு உள்துணிதான் இதில் மிக அழகான சிந்தனை: விமானம் விழுந்தால் உடையை உள்வெளியாகத் திருப்பி அணியலாம், மீட்க வருபவர் கண்ணில் தூரத்திலேயே படும். அழகுக்காக வைத்ததுபோல் தெரியும் ஒவ்வொன்றும் தேவையில் பிறந்தது.

மேலங்கி என்றால் நீண்ட உடையாகவும் பொருள்படும். முல்லைப்பாட்டு, பாசறையில் இருந்த யவனர் அணிந்த சட்டையை ‘மெய்ப்பை’ என்கிறது. உடல் புகும் பை, அதுவும் படைவீரர் உடை. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆகவே ‘பறப்பு மெய்ப்பை’ எனலாம். வகை பிரிக்க வேண்டிய இடத்தில் ஏ-2-ஐத் தோல் மெய்ப்பை, பி-3-ஐ ரோமத்தோல் மெய்ப்பை, எம்ஏ-1-ஐ நைலான் மெய்ப்பை எனலாம். எழுதும்போது ‘ப்’ விடக்கூடாது, ‘மெய்பை’ பிழை.