டிவி முன்னால் ஓடும் முழங்கால்கள்

கும்பகோணத்தில் பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். தை அறுவடை முடிந்த சமயம், பாபநாசம் பக்கத்திலிருந்து 58 வயது அம்மா ஒருவர் வந்தார். முப்பது வருஷம் நாற்று நட்டு, களை பறித்த கால்கள். வலது முழங்கால் நன்றாக வீங்கியிருந்தது.

விசாரித்தால், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோது டிவியில் மாட்டி விளையாடும் ரிங் ஃபிட் என்ற உடற்பயிற்சி கேமை வாங்கிவந்திருக்கிறார். "சுகர் குறையும், தினம் விளையாடும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா பேரனோடு போட்டி போட்டுக்கொண்டு, டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு தினமும் முக்கால் மணி நேரம் குதித்திருக்கிறார்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. நான் எழுதித்தரும் பயிற்சித் தாளைப் பலர் பையிலிருந்து எடுப்பதே இல்லை. இவரோ யாரும் பின்னால் நின்று வற்புறுத்தாமலே தினமும் செய்திருக்கிறார். இந்த கேம்களின் பலமே அதுதான். 2006இல் மற்ற வீடியோ கேம் கம்பெனிகள் படத் தெளிவுக்குப் போட்டி போட்டபோது, ஜப்பானின் நின்டெண்டோ கையை வீசினால் டென்னிஸ் ஆடலாம் என்று வீ (Wii) என்ற கேம் கருவியைக் கொண்டுவந்தது. 10 கோடிக்கு மேல் விற்றது. தாத்தா பாட்டிகளும் விளையாட வந்தார்கள். 2010இல் உடல் அசைவாலேயே விளையாட, மைக்ரோசாஃப்ட் கினெக்ட் என்ற கேமராவையும் சோனி மூவ் என்ற கைக்கருவியையும் இறக்கின. வீ-யின் உடற்பயிற்சி கேமான வீ ஃபிட்டோடு வந்த, ஏறி நிற்கும் பலகையான பேலன்ஸ் போர்டைப் பக்கவாதம் வந்தவர்களுக்கு நிலை தடுமாறாமல் நிற்கப் பழக்க எங்கள் துறையிலும் பயன்படுத்தினார்கள். அப்புறம் அந்த மோகம் தணிந்தது. 2017இல் கினெக்ட் தயாரிப்பே நின்றது. 2019இல் நின்டெண்டோ கொண்டுவந்த ரிங் ஃபிட், கொரோனா ஊரடங்கில் பல நாடுகளில் கடையில் கிடைக்காத பொருளானது.

ரிங் ஃபிட்டில் ஒரு சென்சார் கையில் பிடிக்கும் வளையத்தில், இன்னொன்று இடது தொடையில். தொடை உயர்ந்தால், வளையம் அழுந்தினால் பாயிண்ட் விழும். முழங்கால் உள்பக்கம் மடங்குவதோ இடுப்பு வளைவதோ அதற்குத் தெரியாது. வலிப்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்காக, மூட்டுக்குச் சிரமம் தரும் அசைவுகளைக் குறைக்கும் அசிஸ்ட் மோட் அதில் இருக்கிறது. தமிழில் மெனு கிடையாது. வாங்கித்தரும் பிள்ளைகளே ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் போட்டுக் கொடுங்கள். சைலண்ட் மோட் என்பது வேறு. ஓடும் சத்தம் கேட்காமலிருக்க, ஓட்டத்துக்குப் பதிலாக முழங்காலை மடக்கி நிமிரச் சொல்லும். தேய்ந்த மூட்டுக்கு அது இன்னும் சிரமம்.

கோரைப்பாயோ ஜமுக்காளமோ விரித்துக் குதிக்காதீர்கள், டைல்ஸில் வழுக்கும். ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சுகரால் பாதம் மரத்துப்போனவர்களுக்குக் காயம் பட்டாலும் தெரியாது. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஆடவே கூடாது. பிரஷர் உள்ளவர்கள் வளையத்தை அழுத்தும்போது மூச்சைப் பிடிக்காமல் வெளியே விடுங்கள். பிடித்தால் பிரஷர் சட்டென்று ஏறும்.

அந்த அம்மாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பயிற்சிகளை மட்டும் 15 நிமிடம் செய்கிறார். பேரன் ஸ்கோரை நோட்டில் எழுதி எடுத்துவருகிறான். அதற்குப் பக்கத்திலேயே, பாட்டிக்கு அன்றைக்கு வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.