தண்டுவட நீரில் முளைத்த பூஞ்சை

2012 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மூளை உறை அழற்சியோடு சேர்க்கப்பட்ட ஒருவருக்குப் பாக்டீரியாவுக்கான மருந்துகள் பலிக்கவில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி குன்றாதவர். பூஞ்சை என்று யாரும் எளிதில் நினைக்க மாட்டார்கள். ஆனால் அவருடைய தண்டுவட நீரை வளர்த்துப் பார்த்தபோது ஆஸ்பர்ஜில்லஸ் முளைத்தது. காற்றில் எங்கும் மிதக்கும் பூஞ்சை என்பதால், சோதனையில் தூசி கலந்துவிட்டது என்று ஒதுக்கியிருக்கலாம். மருத்துவர் ஏப்ரல் பெட்டிட் ஒதுக்கவில்லை. நோயாளி சில வாரங்களுக்கு முன் முதுகுவலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டதையும் சேர்த்து மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். பல உயிர்களைக் காத்தது அந்தத் தகவல்தான் என்பேன்.

மாசசூசெட்ஸில் இயங்கிய, மருந்துகளைக் கலந்து தயாரிக்கும் மருந்தகமான நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் தயாரித்த மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற அந்த ஸ்டீராய்டு மருந்தின் குப்பிகளில் பூஞ்சை இருந்தது. அதே ஊசியால் நோயுற்ற பிறரில் பெரும்பாலோரிடம் அகப்பட்டது எக்ஸரோஹைலம் ரோஸ்ட்ராட்டம் என்ற வேறொரு பூஞ்சை. புற்களில் வாழ்வது, மனிதரை அரிதாகவே தாக்குவது. தோல் என்னும் அரணை ஊசி கடந்துவிட்டது. மருந்தில் கிருமியைத் தடுக்கும் பதப்பொருள் கிடையாது. பூஞ்சையை விழுங்க வேண்டிய வெள்ளணுக்களை, உடன் சென்ற ஸ்டீராய்டே அடக்கிவைத்தது.

கண்டறிவது கடினமாக இருந்தது. இந்தப் பூஞ்சை திசுவையும் இரத்தக் குழாய்ச் சுவரையும் பற்றி வளர்கிறது. நீரில் மிதப்பது கொஞ்சம். அதனால் வளர்ப்புச் சோதனையில் பலருக்கு ஒன்றும் முளைக்கவில்லை. பூஞ்சையின் மரபணுத் துணுக்கைத் தேடும் பி.சி.ஆர். சோதனை கைகொடுத்தது. தண்டுவட நீரில் வெள்ளணுக்கள் கூடியிருந்தால், பூஞ்சை அகப்படும்வரை காத்திராமல் சிகிச்சை தொடங்கினார்கள். இரத்தக் குழாயைத் துளைத்துப் பக்கவாதம் உண்டாக்கும் பூஞ்சைக்கு அவகாசம் கொடுக்க முடியாது.

வோரிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைத் தேர்ந்ததற்குக் காரணம், அது தண்டுவட நீருக்குள் நன்றாகப் புகும். ஆனால் ஒவ்வொருவர் கல்லீரலும் அதை ஒவ்வொரு வேகத்தில் சிதைப்பதால், இரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்து மருந்து கொடுக்க வேண்டும்; மிஞ்சினால் இல்லாதவை கண்ணுக்குத் தெரியும். நோய் முற்றியவர்களுக்கு, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஆம்போடெரிசின் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லியையும் சேர்த்தார்கள். மாதக்கணக்கில் நீண்டது சிகிச்சை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 753 பேர் நோயுற்றார்கள். 64 பேர் இறந்தார்கள்.

மூளை உறைக்குப் போகாமல், ஊசி போட்ட இடத்திலேயே பூஞ்சை தங்கிவிட்டவர்களும் உண்டு. பழைய முதுகுவலிதானே என்று அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, அந்த வலிக்குக் கீழே சீழ்க்கட்டி இருந்தது.