எண்ணிக்கைகளின் சராசரிகள் உண்மையிலேயே வேறுபடுகின்றனவா?

ஒரு கிருமிநாசினியிட்ட பத்து வளர்தட்டுகளில் மொத்தம் 30 நுண்ணுயிர்த் திரள்களும், வேறொன்றிட்ட பத்துத் தட்டுகளில் 45 திரள்களும் முளைத்துள்ளன என்று வைத்துக்கொள்வோம். தட்டுக்குச் சராசரி முறையே 3, 4.5. முதல் மருந்தே மேலானது என்று சொல்லத் தோன்றும். ஆனால், இருபது தட்டுகளிலும் ஒரே மருந்தை இட்டிருந்தாலும் தற்செயலாகவே இவ்வளவு வேறுபாடு வந்திருக்குமா என்பதை முதலில் கேட்டாக வேண்டும்.

உயரம், எடை போன்ற அளவீடுகளில் சராசரியை மட்டும் அறிந்து சிதறலை அறிய முடியாது. நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராமல் மாறாத வீதத்தில் நிகழும்போது கிடைக்கும் எண்ணிக்கைகளிலோ, சராசரி எவ்வளவோ அவ்வளவே பரவற்படியும் (சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களின் சராசரி) இருக்கும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாய்சான் 1837-இல் வெளியிட்ட நிகழ்தகவுப் பரவலின் அடிப்படைப் பண்பு இது. பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்தவர்களின் கணக்கை 1898-இல் புள்ளியியலாளர் போர்ட்கீவிச் வெளியிட்டார். அதில் பெரிதும் எடுத்தாளப்படும் பகுதி, பத்துப் படைப்பிரிவுகளின் இருபதாண்டுக் கணக்கு. அந்த 200 பதிவுகளில் 109-இல் இறப்பே இல்லை. 65-இல் ஒன்று, 22-இல் இரண்டு, 3-இல் மூன்று, ஒன்றில் நான்கு. சராசரி 0.61, பரவற்படியும் ஏறத்தாழ அதுவே. இத்தனை துல்லியமான பொருத்தம் இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

இப்பண்பினால் சோதனை எளிதாகிறது. சம எண்ணிக்கையுள்ள தட்டுகளின் இரு மொத்தங்களுக்கிடையிலான வேறுபாட்டை, அவற்றின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். 15-ஐ 75-இன் வர்க்கமூலமான 8.66-ஆல் வகுக்க 1.73 வருகிறது; 5 விழுக்காட்டு மிகைகாண் நிலைக்குரிய (தற்செயலாக வரும் வாய்ப்பு 5 விழுக்காடே என்னும் எல்லைக்குரிய) 1.96-ஐ அது எட்டவில்லை. அதே சராசரிகள் நாற்பது நாற்பது தட்டுகளில் கிடைத்திருந்தால் மொத்தங்கள் 120, 180 ஆகி, விடை 3.46 ஆகும், தற்செயலால் அவ்வளவு வேறுபாடு வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒன்றுதான். மொத்தங்கள் மிகச் சிறியவையாக இருந்தால் இந்தத் தோராயம் நம்பத்தக்கதன்று. அப்போது, எல்லாத் திரள்களும் நாணயம் சுண்டியதுபோல் இரு பக்கமும் பிரிந்தன எனக் கொண்டு, ஈருறுப்புப் பரவலால் நிகழ்தகவை நேரடியாகக் கணக்கிடலாம்.

நடைமுறையில் பலர் தவறுவது வேறோரிடத்தில். நுண்ணுயிர்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டாலோ தட்டுக்குத் தட்டு ஊட்டம் வேறுபட்டாலோ, பரவற்படி சராசரியைவிடப் பெரிதாகிவிடும். அது மூன்று மடங்கு என்றால், மேலே கிடைத்த 3.46-ஐ மூன்றின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். உறுதியாகத் தோன்றிய விடை 2.0 ஆகச் சுருங்கி விளிம்பில் வந்து நிற்கிறது. ஆகவே, மொத்தங்களை மட்டும் குறித்துவைத்துத் தட்டுவாரி எண்ணிக்கைகளைக் கைவிடுவது பெரிய இழப்பு என்பேன். சிதறல் இயல்பை மீறியதா என்பதை அந்தத் தனி எண்ணிக்கைகளிலிருந்துதான் கண்டறிய முடியும். மீறியிருந்தால், பாய்சான் பரவலுக்குப் பதிலாக, பரவற்படி சராசரியைவிடப் பெரிதாக இருக்க இடந்தரும் எதிர்மறை ஈருறுப்புப் பரவலைக் கொண்டு சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.