கூட்டாளியின் ஓவர்காலுக்கு என்ன சொல்வது? பிரிட்ஜ் ஏலத்தின் கணக்கு

ஐப்பசி மழை ஓட்டில் விழும் மாலைகளில், நாகர்கோவில் பக்கத்துத் திண்ணைகளில் நால்வர் கூடினால் இருபத்தெட்டு ஆடுவது எங்கள் பழக்கம். ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு என்று புள்ளி எண்ணும் அந்த ஆட்டத்தில், ஏலத்தை எடுத்தவர் துருப்பைக் கவிழ்த்து வைத்து மறைத்துக்கொள்வார். மறைப்பதிலேயே ஊறிய கை, நால்வர் இரு அணிகளாக ஆடும் கான்ட்ராக்ட் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்துக்கு வரும்போது முதலில் இடறுவது, கூட்டாளி ஓவர்கால் செய்த பிறகு மறுமொழி சொல்லும் இடத்தில்தான். ஏனெனில் பிரிட்ஜில் துருப்பு ஒளிவுமறைவின்றிப் பேசித் தீர்மானிக்கப்படுகிறது.

எதிரணி ஏலத்தைத் தொடங்கிய பின் நம் அணியில் ஒருவர் அதற்கு மேல் கேட்பதே ஓவர்கால். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் 52 சீட்டுகளில் மொத்தம் 40 புள்ளிகள் உள்ளன. ஏலத்தைத் தொடங்குபவரிடம் பொதுவாகப் 12 புள்ளிகளேனும் இருக்கும்; அது 20 வரையிலும் போகக்கூடும் என்பதால், அவருடைய கூட்டாளி வெறும் ஆறு புள்ளிகளோடும் வாய் திறக்கிறார். ஒன்றாம் மட்டத்தில் (கேட்கும் எண்ணோடு ஆறைக் கூட்டினால் எடுக்க வேண்டிய பிடிகள்; ஒன்று என்றால் ஏழு) ஓவர்கால் செய்பவரின் நிலை வேறு. அவர் உறுதியளிப்பது ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகளையும், ஏறத்தாழ 8 முதல் 16 வரையிலான புள்ளிகளையும் மட்டுமே. அதைவிடப் பலமான கை இருந்தால் அவர் முதலில் டபுள் சொல்லியிருப்பார். கேம் எனப்படும் பெரிய பரிசுக்கு இரு கைகளிலும் சேர்த்துச் சுமார் 25 புள்ளிகள் தேவை என்பதால், ஏழு புள்ளிகளும் ஆதரவில்லாத கையும் உள்ளவர் கூச்சமின்றிப் பாஸ் சொல்லலாம்.

ஆதரவு இருந்தால் கதை மாறுகிறது. கூட்டாளியிடம் ஐந்து இருப்பது உறுதி என்பதால், நம்மிடம் மூன்று இருந்தாலே எட்டுத் துருப்புகள் சேர்ந்துவிடுகின்றன. எதிரணியிடம் எஞ்சும் ஐந்து சீட்டுகள் மூன்றும் இரண்டுமாகப் பிரிந்திருக்கும் வாய்ப்பு 68 சதவீதம். பிரெஞ்சு ஆட்டக்காரர் ழான் ரெனே வேர்னே கண்டறிந்த ஒரு விதி இங்கே துணைக்கு வருகிறது: இரு அணிகளும் தத்தம் சிறந்த துருப்பில் ஆடினால் கிடைக்கக்கூடிய பிடிகளின் மொத்தம், அவ்விரு இனங்களிலும் அவர்களிடம் உள்ள துருப்புகளின் மொத்தத்தை ஏறக்குறைய ஒத்திருக்கும். இதிலிருந்து பிறந்த நடைமுறை எளியது: எத்தனை துருப்புகளோ அத்தனை பிடிகளின் மட்டம் வரை துணிந்து ஏறலாம்.

இரண்டு கைகளைப் பார்ப்போம். எதிரணி ஒரு டைமன் என்று தொடங்குகிறது. கூட்டாளி ஒரு இஸ்பேட் கேட்கிறார். அடுத்தவர் பாஸ் சொல்கிறார். நம்மிடம் இஸ்பேடில் ராஜா, 7, 4, 3. ஆட்டினில் வெறும் 6. டைமனில் 8, 5, 4, 2. கிளாவரில் ஜாக்கி, 9, 6, 3. புள்ளிகள் நான்கே. ஆனாலும் துருப்புகள் ஒன்பது. ஆகவே ஒன்பது பிடிகளைக் குறிக்கும் மூன்று இஸ்பேட் என்று நேராகத் தாவ வேண்டும். இது பலத்தின் அறிவிப்பு அன்று; எதிரணி பேசி ஒரு முடிவுக்கு வரும் இடத்தை அடைக்கும் வேலி.

இனி, இஸ்பேடில் ராஜா, 7, 4. ஆட்டினில் ஏஸ், 9, 6, 3. டைமனில் 8, 5. கிளாவரில் ராஜா, ஜாக்கி, 6, 2. புள்ளிகள் பதினொன்று. இதே போன்ற கையோடு நான் ஒருமுறை இரண்டு இஸ்பேட் என்று அடக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொண்டேன். மூன்று துருப்பும் எளிய கையும்தான் என்று நம்பிய கூட்டாளி பாஸ் சொன்னார். ஆடி முடித்தபோது பத்துப் பிடிகள் எங்கள் பக்கம் இருந்தன. கிடைத்தது 170, நான்கு இஸ்பேட் கேட்டிருந்தால் 420. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது எதிரணியின் இனத்தையே திருப்பிக் கேட்கும் இரண்டு டைமன். கியூ பிட் எனப்படும் இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. எதிரணிக்குப் பலமான இனத்தில் துருப்பு வைத்து ஆட யாரும் விரும்புவதில்லை. எனவே பயனற்றுக் கிடந்த ஒரு சொல்லை எடுத்து, “உங்கள் இனத்துக்கு ஆதரவு உண்டு, பத்துப் புள்ளிக்குக் குறையாது” என்ற பொருளை அதற்கு ஏற்றிவிட்டார்கள். அதிலும் சிக்கனம் பாருங்கள்: இரண்டு டைமன் இரண்டு இஸ்பேடுக்குக் கீழே இருப்பதால், கூட்டாளியின் கை மெலிந்ததாயின் அவர் இரண்டு இஸ்பேடிலேயே நின்றுவிடலாம்.

ஆதரவில்லாதபோது, டைமனில் எதிரணியைத் தடுக்கும் சீட்டும் ஒன்பது, பத்துப் புள்ளிகளும் இருந்தால், துருப்பே இல்லாமல் ஆடும் ஒரு நோ டிரம்ப் பொருந்தும். நல்ல ஐந்து சீட்டு இனம் இருந்தால் அதைக் கேட்கலாம். அதற்குக் கூட்டாளி கட்டாயம் பதில் சொல்ல வேண்டுமா என்பதை முன்னரே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் ஏலத்தைத் தொடங்கியவரின் கூட்டாளியான மூன்றாமவர் பாஸ் சொன்னால்தான். அவர் இரண்டு டைமன் என்று ஏற்றிவிட்டால் நம் கியூ பிட் மூன்று டைமன் ஆகிவிடும். கூட்டாளி இரண்டு இஸ்பேடில் நிற்க முடியாது. எட்டுத் துருப்புகளோடு ஒன்பது பிடிகளுக்குப் பொறுப்பேற்க வேண்டிவரும். அதே பதினொரு புள்ளிக் கையை எடுக்கும்போது, அந்த ஒன்பதாவது பிடி எங்கிருந்து வரும் என்று இந்த முறை வாய் திறப்பதற்கு முன்பே எண்ணிப் பார்க்கிறேன்.