மிங்கலாபாவில் ‘பா’ ஏன் குழைகிறது?

அடுத்த மாதம் யாங்கூனுக்குச் செல்லவிருக்கும் வாசகர் ஒருவர், பயணிகளுக்கான பர்மியச் சொற்றொடர்க் கையேட்டைப் படித்துவிட்டு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். மரியாதைக்காகச் சேர்க்கப்படும் ‘பா’ என்னும் இடைச்சொல், ஓரிடத்தில் ‘பல்’ என்னும் சொல்லின் பகரம் போல வன்மையாகவும், வேறிடத்தில் ‘தம்பி’ என்னும் சொல்லின் பகரம் போலக் குழைந்தும் ஒலிப்பதாகக் கையேடு காட்டுகிறது. பர்மிய எழுத்திலோ இரண்டிடத்திலும் ஒரே எழுத்துதான் இருக்கிறது. இது அச்சுப் பிழையா என்பது அவருடைய ஐயம். பிழையன்று. அவருடைய ஐயத்துக்கு விடை அவருடைய குரல்வளைக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். சந்திக்கும்போது சொல்லும் வணக்கம் ‘மிங்கலாபா’. பௌத்தத்தோடு வந்த பாலி மொழியின் ‘மங்கல’ என்னும் சொல்லும் பணிவுக்குரிய ‘பா’வும் சேர்ந்தது அது. வகுப்பறையில் மாணவர்கள் எழுந்து நின்று ஆசிரியருக்குச் சொல்லும் இந்த வணக்கம்தான் வெளிநாட்டவரிடமும் கடைகளிலும் வழங்குகிறது. அக்கம்பக்கத்தாரோ ‘தமின் சா பீ பி லா’, அதாவது ‘சோறு சாப்பிட்டாயிற்றா’ என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். நன்றி சொல்ல ‘ச்சேஜூ திம்பாதே’. இதில் ‘ஜூ’ என்று நான் எழுதியிருப்பது தேனீயின் இரைச்சலைப் போல ஒலிக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க ‘தௌம்பம்பாதே’. ‘நன்றாக இருக்கிறது’ என்பதற்கு ‘கௌம்பாதே’. ‘ஆம், அப்படித்தான்’ என்பதற்கு ‘ஹோப்பாதே’. வாக்கியத்தின் முடிவில் ஆண்கள் ‘கம்யா’ என்றும் பெண்கள் ‘ஷின்’ என்றும் சேர்த்தால் மரியாதை கூடும். பேசுபவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தே இச்சொல் மாறுகிறது, கேட்பவரைப் பொறுத்து அன்று என்பதைப் பயணிகள் நினைவில் கொள்ள வேண்டும்.

இப்போது ‘கௌம்பாதே’, ‘ஹோப்பாதே’ என்னும் இரண்டு தொடர்களையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். ‘கௌம்’ என்பதற்குப் பின் வரும் பா குழைகிறது. ‘ஹோ’ என்பதற்குப் பின் வரும் அதே பா வன்மையாகவே நிற்கிறது. காரணம் இதுதான். நாம் பேசும்போது குரல்வளையிலுள்ள இரண்டு குரல்நாண்கள், ஆண்களுக்கு நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 120 முறையும், பெண்களுக்கு ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. உயிரொலிக்கும் மூக்கொலிக்கும் இந்த அதிர்வு இன்றியமையாதது. ‘கௌம்’ என்று சொல்லி முடிக்கும்போது நாண்கள் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அடுத்து வரும் ‘பா’வின் உயிருக்கும் அவை அதிர்ந்தாக வேண்டும். இடையில் உதடுகள் மூடும் சிறு கணத்துக்காக அதிர்வை நிறுத்தி மீண்டும் தொடங்குவதைவிட, அதை ஓடவிடுவதே குரல்வளைக்கு எளிது. அதிர்வு ஓடிக்கொண்டே இருக்க உதடு மூடித் திறந்தால், வல்லின பகரம் தானாகவே குழைந்துவிடுகிறது.

‘ஹோ’ என்பதன் கதை வேறு. பர்மிய எழுத்தில் அச்சொல் ‘ஹுத்’ என்றே எழுதப்படுகிறது. தகரத்தின் தலைமேல் நம் புள்ளியைப் போலவே உயிரை நீக்கும் குறி ஒன்று உண்டு. ‘கொல்வது’ என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். பழைய காலத்தில் ஒலித்த அந்தத் தகர மெய் இன்று நாக்கிலிருந்து இறங்கித் தொண்டைக்குள் போய்விட்டது: குரல்நாண்கள் இரண்டும் சட்டென ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கின்றன. ஒட்டிய நாண்கள் அதிர முடியாது. ஆகவே அடுத்து வரும் பா அதிர்வின்றித்தான் பிறந்தாக வேண்டும். அதனால்தான் ‘இல்லை, அப்படியன்று’ என்னும் ‘மஹோப்பூ’விலும், குழைந்த ஒலிக்குரிய எழுத்தால் எழுதப்படும் ஈற்றசை, மூச்சுக்காற்றோடு கூடிய வல்லொலியாக வெடிக்கிறது.

இதில் என்னை மிகவும் மகிழ்விப்பது, தமிழும் இதே முடிவை வேறொரு வழியில் அடைகிறது என்பதுதான். ‘அன்பு’ என்பதில் பகரம் குழைகிறது, ‘அப்பா’ என்பதில் குழைவதில்லை. ‘அப்பா’வில் உதடுகள் நீண்ட நேரம் மூடியிருப்பதால் நுரையீரலிலிருந்து வரும் காற்று வாயில் நிறைகிறது, நாண்களுக்கு மேலும் கீழும் அழுத்தம் சமமாகிறது, காற்றோட்டம் நின்று, அதனால் அதிர்வும் நின்றுவிடுகிறது. அங்கே நாண்கள் ஒட்டிக்கொள்கின்றன, இங்கே காற்று தேங்குகிறது. ஆகவே நான் மேலே தமிழெழுத்தில் எழுதியபடியே, ஒற்றை எழுத்தை ஒற்றையாகவும் இரட்டித்ததை இரட்டித்தும் படித்தால் உங்கள் உச்சரிப்பு பெரும்பாலும் சரியாகவே அமையும். ‘தௌம்பம்பாதே’யில் முதல் தகரம் வன்மையாகவும், இரண்டு பகரங்களும் கடைசித் தகரமும் குழைந்தும் வருவதை யாரும் உங்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. கடைசித் தகரத்தை மட்டும் ‘அது’ என்பதில் போல நெகிழவிடாமல், ‘பந்து’ என்பதில் போல நாக்கை அழுத்திச் சொல்லுங்கள்.

இந்த ஒற்றுமையைக் கண்டதும் ‘மங்கலம்’ இருக்கிறது, ‘சா’ என்றால் சாப்பிடு, எனவே பர்மிய மொழி தமிழிலிருந்து பிறந்தது என்று கிளம்புவோர் உண்டு. அதை நான் முற்றிலும் மறுக்கிறேன். பர்மிய மொழி திபெத்திய பர்மியக் கிளையைச் சேர்ந்தது. காற்றழுத்தமும் தசையும் எல்லா மனிதருக்கும் ஒன்றாக இருப்பதால் விளைந்த ஒற்றுமையை உறவுமுறையாகக் காட்டுவது, இயற்பியலின் அழகை மறைத்துவிடுகிறது. நம் பல்கலைக்கழகங்களின் மொழித்துறைகளுக்கு ஒலிப்பதிவுக் கருவிகளும் காற்றழுத்தமானிகளும் கூடுதலாகக் கிடைத்தால், இத்தகைய கற்பனைகளைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் மாணவர்களிடம் வளரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் குழைவு நெருங்கி இணைந்த சொற்களுக்குள்ளேதான் நிகழும். ‘ச்சேஜூ’வுக்கும் ‘திம்பாதே’க்கும் நடுவே இணைப்பு தளர்ந்திருப்பதால், முன்னால் உயிரொலி இருந்தும் ‘தி’ வன்மையாகவே ஒலிக்கிறது.

யாராவது உங்களுக்கு நன்றி சொன்னால் ‘யபாதே’ என்று பதில் சொல்லுங்கள். ‘பரவாயில்லை’ என்பது போன்ற சொல் அது. முதலில் வரும் ‘ய’வைக் குறுக்கி, தொண்டையை இறுக்கி, கதவு கிரீச்சிடுவது போன்ற தொனியில் சொல்ல வேண்டும். அங்கே நாண்கள் இறுகுகின்றன, ஆனால் முழுமையாக ஒட்டுவதில்லை. அந்த நூலிழை இடைவெளியில் அதிர்வு தப்பிப் பிழைப்பதால், பா அங்கும் குழைகிறது.